பால் பூத்த மேசையும் சிவந்து போன சாமி மாடமும்

பட்டறைப் பக்கம்: வாசகர் கேள்வி பதில்

தீபாவளிக்கு இன்னும் ஆறு வாரம் இருக்கிறது. சுவருக்குச் சாயம் அடிக்கிறோமோ இல்லையோ, பழைய மேசையையும் நாற்காலியையும் கூடத்துக்கு இழுத்துப் போட்டு உப்புத்தாள் தேய்க்க ஆரம்பித்துவிடுகிறோம். இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதி, “நன்றாகத்தான் ஆரம்பித்தேன் ஐயா, அப்புறம் என்ன ஆச்சென்று தெரியவில்லை” என்றே தொடங்குகின்றன. சிங்கப்பூரின் சுங்கை காடுட்டில் ஒரு மரச்சாமான் பட்டறையில் 31 வருடம் பாலிஷ் போட்டவன் நான். கெட்டுப்போன மேசைகளைக் கணக்கில்லாமல் பார்த்திருக்கிறேன். அவற்றில் சில என் கையாலேயே கெட்டவை. அந்த அனுபவத்தில் சொல்கிறேன், டின்னைத் திட்டி எழுதியிருப்பவர்கள் கொஞ்சம் பொறுங்கள். கோளாறு பெரும்பாலும் டின்னுக்குள் இருப்பதில்லை. உங்களுக்கு முன்னால் அந்த மரத்தின் மேல் யார் எதைப் பூசினார்கள், நீங்கள் பூசிய அன்று காற்று எப்படி இருந்தது, இந்த இரண்டில் ஒன்றைத்தான் நான் முதலில் விசாரிப்பேன்.

தெம்பனிஸ் வாசகி: மாமனார் வாங்கிய தேக்கு சாப்பாட்டு மேசை. பழைய பூச்சைச் சுரண்டி, தேய்த்து, ஸ்பிரே டப்பாவில் வரும் லாக்கரைச் சனிக்கிழமை மாலை மழை விட்டதும் அடித்தேன். பத்தே நிமிடத்தில் மேசை முழுவதும் பால் ஊற்றியதுபோல வெளுத்துவிட்டது. திரும்பவும் எல்லாவற்றையும் சுரண்ட வேண்டுமா?

வேண்டாம் அம்மா, சுரண்டியைக் கீழே வையுங்கள். உங்கள் மேசை கெட்டுப்போகவில்லை, வியர்த்திருக்கிறது.

கோப்பிக் கடையில் தே பெங் (ஐஸ் போட்ட தேநீர்) வாங்கி மேசையில் வைத்தால் கண்ணாடிக் குவளைக்கு வெளியே தண்ணீர் கோத்துக்கொள்கிறதே, அதேதான் இங்கேயும் நடந்தது. லாக்கர் என்பது சீக்கிரம் காய்கிற பளபளப்புப் பூச்சு. அதைக் கரைத்து வைத்திருக்கிற தின்னர் மிக வேகமாக ஆவியாகும். ஆவியாகும்போது மரத்தின் மேற்பரப்பிலிருந்து சூட்டை எடுத்துக்கொண்டு போகும். கையில் ஸ்பிரிட் பட்டால் சில்லென்று இருக்கிறதல்லவா, அப்படி. மேற்பரப்பு குளிர்ந்ததும் காற்றிலிருக்கும் ஈரம் அதன்மேல் படிந்து, காய்ந்தும் காயாமலும் இருக்கிற லாக்கருக்குள் மாட்டிக்கொள்கிறது. வெளிச்சம் உள்ளே போக முடியாமல் சிதறுவதால் கண்ணுக்கு வெள்ளையாகத் தெரிகிறது. பட்டறையில் இதை ‘பால் பூத்துவிட்டது’ என்போம்.

நம் ஊரில் விடிகாலையில் காற்றின் ஈரப்பதம் 90 விழுக்காட்டுக்கு மேல் இருக்கும். மழை இல்லாத நாளில் பிற்பகலில் 60 வரை இறங்கும். மழை விடாமல் பெய்தால் 100-ஐத் தொட்டுக்கொண்டு நிற்கும். நீங்கள் அடித்தது மழை விட்ட உடனே. தூசி அடங்கியிருக்கும், குளுகுளுவென்று இருக்கும், வேலை செய்ய நமக்குச் சுகமான நேரம்தான். லாக்கருக்கு அதைவிட மோசமான நேரம் கிடையாது.

இப்போது செய்ய வேண்டியது இது. இரண்டு நாள் மேசையைத் தொடாதீர்கள். இலேசாகப் பூத்ததென்றால் தானாகவே தெளிந்துவிடும். தெளியாவிட்டால் வெயில் நாளாகப் பார்த்து, காலை 11 மணிக்கு மேல், ‘ரிட்டார்டர்’ தின்னரைப் பனி மாதிரி மெல்ல அடியுங்கள். அது மெதுவாக ஆவியாகிற தின்னர். மேல் பூச்சை மீண்டும் இளக்கி, உள்ளே மாட்டிய ஈரம் வெளியேற அவகாசம் கொடுக்கும். நனைத்துவிடாதீர்கள், ஒழுகும். சில ஸ்பிரே டப்பாக்களே இதற்கென்று விற்கின்றன. ‘பிளஷ்’ (இந்தப் பால் பூத்தல்தான்) நீக்க வேண்டும் என்று கடையில் கேட்டால் எடுத்துத் தருவார்கள். வெண்மை தெளிந்த பிறகுதான் அடுத்த பூச்சு.

இன்னொன்றும் கேட்க வேண்டும். மேசையை முதல் நாள் இரவு ஏர்கான் அறையில் வைத்திருந்தீர்களா? என்னிடம் வந்த ஒரு கட்டிலுக்கு மூன்று முறை பால் பூத்தது. மூன்றும் நல்ல வெயில் நாள். தலையைப் பிய்த்துக்கொண்டேன். பிறகுதான் தெரிந்தது, பாதுகாப்பாக இருக்கட்டும் என்று பையன் அதை இரவில் அலுவலக அறையில் வைத்துவிட்டு, காலையில் வெளியே தூக்கி வந்த கையோடு என்னிடம் கொடுத்திருக்கிறான். குளிர்ந்த மரம் நம் ஊர்க் காற்றில் வந்து நின்றாலே போதும், தின்னர் வேறு எதற்கு? மரத்தை வெளியே வைத்து இரண்டு மூன்று மணி நேரம் காற்றோடு பழகவிட்ட பிறகே வேலையைத் தொடங்குங்கள்.

பத்துப் பதினைந்து வெள்ளிக்கு ஈரப்பதம் காட்டும் சின்னக் கருவி கிடைக்கிறது. என் கணக்கு 75 விழுக்காடு. அதற்கு மேல் காட்டினால் லாக்கர் டப்பாவை எடுக்க மாட்டேன், வேறு வேலை பார்ப்பேன்.

வீவக அடுக்குமாடி வீட்டுக்குள் ஸ்பிரே அடிப்பவர்கள் எல்லாரும் இதையும் கேளுங்கள். தின்னர் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தவழ்ந்து போய் நெருப்பைத் தேடும். அடுப்பை அணையுங்கள், சன்னல் எல்லாவற்றையும் திறங்கள், சாமி விளக்கை மலையேற்றிவிட்டு அப்புறம் டப்பாவைக் கையில் எடுங்கள்.

தோ பாயோ வாசகர்: பழைய தட்டுமுட்டுக் கடையில் ஒரு பக்கவாட்டு அலமாரி 80 வெள்ளிக்குக் கிடைத்தது. தேய்த்து முடித்து வார்னிஷ் பூசியதும் மேற்பலகை முழுக்க, ஆப்பத்தில் கண் விழுந்த மாதிரி, சின்னச் சின்னக் குழி. வார்னிஷ் அந்த இடங்களிலிருந்து விலகி ஓடுகிறது. தூரிகையில் எண்ணெய் இருந்திருக்குமா?

தூரிகையைச் சந்தேகப்படாதீர்கள் தம்பி. ஆப்பத்தில் கண் விழுந்த மாதிரி இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள், அதிலேயே பதில் இருக்கிறது. பட்டறையில் இதற்கு ‘ஃபிஷ் ஐ’ என்று பெயர். காரணம் சிலிக்கோன். வீட்டில் தூசி துடைக்க, பளபளப்பாக்க என்று ஸ்பிரே டப்பாக்கள் வருகின்றனவே, அவற்றில் பலவற்றில் இது உண்டு. யாரோ பத்து வருடம் வாராவாரம் அதை அடித்துத் துடைத்திருக்கிறார்கள். பழைய பூச்சின் வெடிப்பு வழியே அது மரத்துக்குள் இறங்கிவிட்டது. அது இருக்கிற இடத்தில் புது வார்னிஷ் தாமரை இலைத் தண்ணீர்தான், ஒட்டாது.

வார்னிஷ் இன்னும் ஈரமாக இருந்தால் யோசிக்காமல் டர்பன்டைன் துணியால் முழுவதையும் துடைத்து எடுத்துவிடுங்கள். காய்ந்துவிட்டதென்றால் உரித்துத்தான் ஆக வேண்டும். எடுத்தவுடன் உப்புத்தாள் போடாதீர்கள். எல்லாரும் செய்கிற தப்பு இது. தேய்த்தால் சிலிக்கோன் போகாது, பக்கத்து இடங்களுக்கும் பரவும். முதலில் டர்பன்டைனோ வெள்ளை ஸ்பிரிட்டோ துணியில் எடுத்து, ஒரே பக்கமாகத் துடைத்து, அந்தத் துணியைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுத் துணி எடுங்கள். ஒரே துணியால் ஐந்து முறை துடைத்தால் ஐந்து முறை பூசிவிட்டதாக அர்த்தம். நான்கைந்து துணி மாற்றிய பிறகு உப்புத்தாள். அதற்குப் பிறகு, மெழுகு நீக்கிய அரக்கை (ஷெல்லாக்) ஸ்பிரிட்டில் (மெத்திலேட்டட் ஸ்பிரிட், வெள்ளை ஸ்பிரிட் இல்லை) நீர்க்கக் கரைத்து ஒரு பூச்சு. அரக்குக்குச் சிலிக்கோன் ஒரு பொருட்டே அல்ல. அதன்மேல் போய்ப் படிந்து, கதவை மூடின மாதிரி மூடிவிடும். அதற்கு மேல் உங்கள் வார்னிஷை மெல்லியதாகப் பூசலாம்.

வார்னிஷிலேயே கலக்கிக்கொள்ள ஒரு மருந்தும் விற்கிறார்கள். அதுவும் சிலிக்கோன்தான், முள்ளை முள்ளால் எடுக்கிற கதை. ஒரு முறை கலந்தால் தூரிகை, கிண்ணம், ஸ்பிரே துப்பாக்கி எல்லாவற்றிலும் ஏறிக்கொள்ளும் என்பதால் நான் அதைத் தொடுவதில்லை.

நான் பாடம் கற்றது ஒரு அம்மாவின் அலமாரியில். “பாலிஷ் எதுவும் போட்டதே இல்லை” என்று சத்தியம் செய்தார். நம்பி லாக்கர் அடித்தேன், பலகை முழுக்க அம்மைத் தழும்பு. அவர் பொய் சொல்லவில்லை. வீட்டில் பணிப்பெண் வாரம் ஒரு முறை எலுமிச்சை வாசனை டப்பாவை அடித்துத் துடைத்துக்கொண்டிருந்தது அவருக்குத் தெரியவே தெரியாது. அன்றிலிருந்து யார் என்ன சொன்னாலும் சரி, எந்தச் சாமான் வந்தாலும் மூலையில் ஒரு கை அகலத்துக்குப் பூசிப் பார்த்துவிட்டுத்தான் மீதி.

உட்லண்ட்ஸ் வாசகர்: செட்டியார்கள் வட்டித் தொழில் நடத்திய மார்க்கெட் ஸ்திரீட் கிட்டங்கியில் என் தாத்தா தரையில் உட்கார்ந்து கணக்கெழுத முன்னால் வைத்துக்கொண்ட சாய்வு மூடிப் பெட்டி இது. பர்மாத் தேக்கு என்பார் அப்பா. மூடியில் ஒரு கறுப்பு வட்டம், ஆணிகளைச் சுற்றிக் கறுப்பு, ஓரத்தில் மைக் கறை. 120 எண் உப்புத்தாளால் தேய்த்தேன், வட்டம் இன்னும் ஆழமாகத் தெரிகிறது. இன்னும் தேய்க்கலாமா?

தேய்க்காதீர்கள். தயவுசெய்து. அந்தக் கறுப்பு மரத்தின் மேல் இல்லை, மரமே கறுத்திருக்கிறது. தேக்கில் இருக்கிற துவர்ப்புப் பொருளும் இரும்பும் ஈரத்தில் சந்தித்தால் கறுப்பாகும். ஆணியைச் சுற்றிக் கறுத்ததும் அதனால்தான், யாரோ ஈரத் தகர டப்பாவை வைத்து எழுந்த வட்டமும் அதனால்தான். அது போகிற ஆழம் வரை தேய்த்தால் மூடியில் குழி விழும்.

வட்டங்களில் இரண்டு சாதி உண்டு. வெள்ளை வட்டம் என்றால் ஈரமோ சூடோ பூச்சோடு நின்றுவிட்டது, மரத்துக்குப் போகவில்லை. சூடான டிபன் கேரியரை அரக்குப் பூச்சின்மேல் வைத்தால் வருவது அதுதான். அதற்கு வைத்தியம் எளிது: துணியில் கொஞ்சம் தேங்காய் எண்ணெய், அதில் ஒரு சிட்டிகை நைசான சாம்பல், ரேகைப் போக்கில் மெல்லத் தேய்க்க வேண்டும். என் அம்மா விபூதியை எடுப்பார். எடுத்ததற்கு ஒரு முறை கன்னத்தில் போட்டுக்கொண்டு அப்புறம் தேய்ப்பார். மனம் ஒப்பாதவர்கள் பல்பொடி பயன்படுத்துங்கள்.

உங்களுடையது கறுப்பு. அதற்கு ஆக்ஸாலிக் அமிலம். பழைய பூச்சு முழுவதும் போயிருக்க வேண்டும், பித்தளைப் பூட்டையும் கீலையும் கழற்றிவிட வேண்டும். பிளாஸ்டிக் கிண்ணத்தில் அரை லிட்டர் வெந்நீருக்கு 30 கிராம் படிகம். கையுறை, கண்ணாடி கட்டாயம். இது விஷம், குழந்தைகள் இருக்கிற வீட்டில் மறந்தும் தேநீர்க் குவளையில் கரைத்து வைக்காதீர்கள். வட்டத்தில் மட்டும் தடவினால் அந்த இடம் வெளுத்து நிலா மாதிரி நிற்கும். அதனால் மூடி முழுவதும் ஒரே சீராகத் தடவுங்கள். கறுப்பு கண்ணெதிரே சாம்பல் நிறமாகி மறையும். முதல் முறை பார்க்கிறவர்களுக்கு மந்திரம் மாதிரி இருக்கும். போகாவிட்டால் மறுநாள் இன்னொரு முறை. பிறகு தண்ணீரால் மூன்று முறை துடைத்து, சமையல் சோடா கரைத்த தண்ணீரால் ஒரு முறை, மறுபடி நல்ல தண்ணீரால் ஒரு முறை. காய்ந்ததும் மரம் சொரசொரவென்று எழும்பியிருக்கும், 220 தாளால் தடவிக் கொடுத்தால் போதும். அமிலத்தைக் கழுவி எடுக்காமல் தேய்த்தால் தூள் மூக்கில் ஏறித் தொண்டையைக் கிழித்துவிடும். கழுவினாலும் முகமூடி போட்டுக்கொள்ளுங்கள்.

இரும்பு ஆணி அங்கேயே இருந்தால் கறுப்பு திரும்பி வரும். பிடுங்க முடியாவிட்டால் தலையைத் துருப் போகச் சுரண்டி, அரக்கை ஒரு சொட்டு வையுங்கள்.

அந்த மைக் கறையைப் பற்றி. பழைய மைகள் பலவற்றில் இரும்பு உண்டு, ஆகவே அமிலம் பட்டால் அதுவும் போய்விடும். போய்விடும் என்பதால்தான் சொல்கிறேன், அந்த ஓரத்துக்கு முதலிலேயே இரண்டு கை (இரண்டு பூச்சு) அரக்குப் பூசி மறைத்துவிட்டு மற்ற இடத்தில் அமிலம் தடவுங்கள். கிட்டங்கிகளே இப்போது அங்கே இல்லை. வட்டிக் கணக்கெழுதிய பேனா உதறிய இடம் உங்கள் வீட்டில் இருக்கிறது. தகர டப்பா வட்டம் போகட்டும், அது இருக்கட்டும். பெட்டி என்னுடையதாக இருந்தால் அப்படித்தான் செய்வேன்.

ஈசூன் வாசகி: அம்மாவின் ஈட்டி மர ஊஞ்சல் பலகை. ஆளிவிதை எண்ணெய் இரண்டு கை தாராளமாகப் பூசினேன். எட்டு நாளாகியும் பிசுபிசுக்கிறது, உட்கார்ந்தால் சேலை ஒட்டுகிறது.

தாராளம்தான் தப்பு அம்மா. எண்ணெய் பூசிக் கால் மணி நேரத்தில் மரம் குடித்தது போக மிச்சத்தைத் துடைத்து எடுத்துவிட வேண்டும். மேலே நிற்கிற எண்ணெய் காயாது, பிசினாகத்தான் மாறும். காய்ச்சாத ஆளிவிதை எண்ணெய் என்றால் நன்றாகத் துடைத்தாலே வாரக்கணக்கில் எடுக்கும். போதாக்குறைக்கு ஈட்டி. அந்த மரத்துக்குள்ளேயே இருக்கிற இயற்கை எண்ணெய்ச் சத்து, பூசுகிற எண்ணெயும் வார்னிஷும் உறைவதைத் தடுக்கும். தேக்கிலும் கொஞ்சம் இந்தக் குணம் உண்டு.

டர்பன்டைனில் நனைத்த சொரசொரப்பான துணியால் பிசினை வழித்தெடுங்கள். இரண்டு நாள் காயவிட்டு, தின்னரால் ஒரு முறை துடைத்து, அந்தத் தின்னர் பறந்த கையோடு மெழுகு நீக்கிய அரக்கு ஒரு பூச்சு. அரக்கு எண்ணெய்க்கு அஞ்சாது. அதற்கு மேல் எது வேண்டுமானாலும் காயும். கடையில் கரைத்தே விற்கும் அரக்கை வாங்கினால் தேதி பாருங்கள். கரைத்து ஆறு மாதம் தாண்டிய அரக்கை நான் நம்ப மாட்டேன். கண்ணாடித் துண்டில் ஒரு சொட்டு விட்டு மறுநாள் நகத்தால் அழுத்துங்கள், பதிந்தால் தூக்கிப் போடுங்கள்.

இப்போது, துடைத்த அந்தத் துணிகளை என்ன செய்தீர்கள்? கடிதத்தில் இல்லை. எனக்கு ஊஞ்சலைவிட அதுதான் கவலை. ஆளிவிதை எண்ணெய் காய்வதென்றால் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்வது. சேரும்போது சூடு பிறக்கும். விரித்துப் போட்ட துணியில் சூடு காற்றோடு போய்விடும். கசக்கி உருட்டிப் போட்டால் உள்ளுக்குள் ஏறிக்கொண்டே போய், தீக்குச்சி இல்லாமல் தானே பற்றிக்கொள்ளும். கட்டுக்கதை என்று நானும் நினைத்திருந்தேன். பட்டறையில் ஒரு நாள் இரவு கதவைப் பூட்டிவிட்டுப் பேருந்து நிறுத்தம் வரை போனவன், மணிபர்சை மறந்து திரும்பி வந்தேன். கருகிய மீன் எண்ணெய் மாதிரி ஒரு நாற்றம். குப்பை டின்னின் நடுவிலிருந்து நூல் மாதிரி புகை. கையால் தொட்டால் டின் பக்கவாட்டில் சுட்டது. மேலே மூன்று பேர் துடைத்துப் போட்ட எண்ணெய்த் துணி, கீழே இழைப்புளிச் சுருள். மணிபர்சை மறந்திராவிட்டால் பட்டறை போயிருக்கும்.

ஆகவே துணியைக் குப்பைக் குழாயில் போடாதீர்கள், பையில் கட்டி வைக்காதீர்கள். ஒற்றையாக விரித்துத் திறந்த வெளியில் காயவிடுங்கள், அட்டை மாதிரி விறைத்துக்கொண்ட பிறகு போடலாம். இல்லாவிட்டால் மூடியுள்ள தகர டின்னில் தண்ணீர் ஊற்றி முழுக்க நனைத்து வையுங்கள்.

சுவா சூ காங் வாசகி: எங்கள் சாமி மாடம் மரத்தில் செய்தது, 20 வருடப் பழசு. மஞ்சள், குங்குமம், விளக்கெண்ணெய், கற்பூரப் புகை எல்லாம் ஏறியிருந்தது. சமையல் சோடா கரைத்துத் துடைத்தேன். மஞ்சள் கறை எல்லாம் இரத்தம் மாதிரி சிவந்துவிட்டது. மாமியார் பயந்துபோய்விட்டார்.

மாமியாரைக் கூப்பிட்டு ஆரத்தித் தட்டைக் காட்டுங்கள். மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பு கலந்தால் சிவக்கிறதே, அதே சங்கதி. சோடாவும் சுண்ணாம்பு மாதிரி காரம்தான், மஞ்சளோடு பட்டால் சிவக்கும். ஆரத்தி எடுத்தாயிற்று, திருஷ்டி கழிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீரில் கொஞ்சம் வினிகர் கலந்து துடையுங்கள், மஞ்சளுக்கே திரும்பிவிடும். மஞ்சள் தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது, ஸ்பிரிட்டில் கரையும். பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்து ஒற்றி ஒற்றி எடுங்கள். பழைய பூச்சு அரக்காக இருந்தால் அதுவும் இளகி வரும். உங்கள் கடிதத்தைப் பார்த்தால் எப்படியும் உரிக்கப் போகிறீர்கள், நஷ்டமில்லை. மிச்சத்தை வெயில் பார்த்துக்கொள்ளும். மஞ்சளுக்கு வெயில் ஆகாது. தாழ்வார வெயில் விழுகிற பக்கமாக மாடத்தைத் திருப்பி நாலைந்து நாள் வையுங்கள். கடைக் குங்குமம் பெரும்பாலும் சாயம், வெயிலை நம்ப முடியாது. அதற்கும் ஸ்பிரிட்டும் பஞ்சும்தான்.

விளக்கு வைத்த இடத்து எண்ணெய்க்கு வேறு வைத்தியம். சாக்கட்டித் தூளை டர்பன்டைனில் குழைத்து, மாவிளக்கு மாவு பதத்துக்குக் கெட்டியாக அப்பி, மேலே பிளாஸ்டிக் தாள் மூடி ஓர் இரவு விடுங்கள். மறுநாள் தாளை எடுத்துக் காயவிட்டுச் சுரண்டினால் தூள் பழுப்பாக வரும், அது குடித்த எண்ணெய். 20 வருட எண்ணெய் ஒரே இரவில் வராது. என் தங்கை வீட்டு மாடத்துக்கு ஐந்து முறை அப்பினேன். கடைசி முறையும் கொஞ்சம் வந்தது, போதும் என்று நிறுத்திவிட்டேன்.

அப்புறம் அரக்கு, அதன்மேல் எண்ணெய் வார்னிஷ். லாக்கர் வேண்டாம், அரக்கை மேல் பூச்சாக விடவும் வேண்டாம். விளக்குச் சூட்டுக்கு அரக்கு இளகும். எதைப் பூசினாலும் வாசனை முழுவதும் போகும் வரை, என் கணக்கில் இரண்டு வாரம், மாடத்துக்குள் விளக்கேற்றாதீர்கள். சாமி படத்தை வேறு மேசையில் வைத்துக் கும்பிடலாம். திரும்ப ஏற்றும்போது விளக்குக்கு அடியில் ஒரு பித்தளைத் தட்டு.

இனி சில சுருக்கமாக.

ஜூரோங்: பாலியூரித்தேன் பூச்சில் குமிழி.

டின்னைக் குலுக்கினீர்களா? அது மைலோ இல்லை. குச்சியால் அடியிலிருந்து மெதுவாகக் கிளற வேண்டும். தூரிகையை டின் விளிம்பில் வழிக்காதீர்கள், அதிலும் குமிழி வரும். மின்விசிறியை நிறுத்துங்கள். காய்ந்த குமிழியை 320 தாளால் தேய்த்துவிட்டு, அடுத்த கையை டர்பன்டைன் கொஞ்சம் சேர்த்து நீர்க்கப் பூசுங்கள்.

பொங்கோல்: பூசிய பூச்சு தோல் மாதிரி உரிந்து வருகிறது.

அடியில் மெழுகு இருக்கிறது, இல்லாவிட்டால் பழைய பளபளப்பின் மேலேயே தேய்க்காமல் பூசிவிட்டீர்கள். உரிகிற மட்டும் உரித்துவிடுங்கள். பழைய பூச்சு எதுவென்று தெரிய, மறைவான இடத்தில் ஒரு சொட்டு ஸ்பிரிட் வைத்துப் பாருங்கள், இளகினால் அரக்கு. இளகாவிட்டால் தின்னர் ஒரு சொட்டு, அதற்கு இளகினால் லாக்கர். இரண்டுக்கும் அசையாவிட்டால் வார்னிஷ் வகை. சாதாரண அரக்கில் மெழுகு உண்டு, பாலியூரித்தேன் அதன்மேல் நிற்காது.

புக்கிட் பாத்தோக்: மெஷினால் தேய்க்கும்போது நடுவில் வெளிறிய திட்டு வந்துவிட்டது.

அது திட்டு இல்லை தம்பி, அடிப்பலகை. மேலே ஒட்டியிருந்த தேக்கு வெனீர் (மெல்லிய மரத் தகடு) தாள் கனம்தான் இருக்கும், மெஷின் அதைத் தின்றுவிட்டது. திரும்ப வராது. வண்ணம் கலந்து, சின்னத் தூரிகையால் ரேகை வரைந்து மறைக்கலாம். அதன்மேல் ஒரு பூச்சட்டி வையுங்கள்.

கேலாங்: பழைய கடைவீட்டு சன்னல் கதவு, ஐந்தாறு அடுக்குப் பச்சைச் சாயம்.

அவ்வளவு பழைய சாயத்தில் ஈயம் இருக்கலாம். உலர்வாகத் தேய்க்கக் கூடாது, சூட்டுத் துப்பாக்கியும் கூடாது. வீட்டில் குழந்தை இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். ஈரமாக வைத்துச் சுரண்டவும், சுரண்டியதைப் பொறுக்கிக் கட்டவும் முறை தெரிந்த ஆளிடம் கொடுங்கள்.

கடைசியாக, பிடோக்கிலிருந்து ஒரு ஆசிரியை என்னைத் திட்டி எழுதியிருக்கிறார். போன இதழில் நான், இரண்டு பூச்சுகளுக்கு நடுவில் மெல்லிய ஸ்டீல் வுல்லால் தடவிக் கொடுங்கள் என்று எழுதியிருந்தேன். அவர் அப்படியே செய்து, தண்ணீரில் கரையும் வகைப் பூச்சைப் பூசினார். மூன்றாம் நாள் புத்தக அலமாரி முழுக்கக் கடுகு தாளித்த மாதிரி பழுப்புப் புள்ளி.

தப்பு என்னுடையதுதான். எண்ணெய் வார்னிஷை மனத்தில் வைத்து எழுதினேன், தண்ணீர்ப் பூச்சுக்கு அது ஆகாது என்று சொல்ல மறந்தேன். ஸ்டீல் வுல் என்பது இரும்பு. அதன் துணுக்குகள் ரேகைக்குள் தங்கி, பூச்சிலிருக்கும் தண்ணீர் பட்டதும் துருப்பிடித்துவிடும். தண்ணீர்ப் பூச்சுக்கு நைலான் நார்ப் பட்டையோ 320 தாளோதான். அம்மா, ஸ்டீல் வுல் தடவிய பிறகு உங்களுடையதில் ஒரு பூச்சுதான் ஆகியிருக்கிறது. உரித்துவிட்டு, உட்லண்ட்ஸ்காரருக்குச் சொன்ன அமிலத்தைப் பாதி அளவில் கரைத்து ஒரு முறை தடவுங்கள், புள்ளி போய்விடும். என் வீட்டு அடுப்படி அலமாரியிலும் இதே புள்ளிகள் ஒன்பது வருடமாக இருக்கின்றன. என் மனைவி உங்கள் கடிதத்தை வாசித்துவிட்டு, அந்த அமிலத்தில் மிச்சம் இருக்கிறதா என்று கேட்டார்.